முதல் ஆளுக்கு ஏற்ற பாறை

பாறை ஏறுவதில் இரண்டு வகை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஹமீத் என்ற பையனுக்கு நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

ஒன்று, கயிறு மேலிருந்து வருவது. ஒருவர் முன்பே உச்சியில் உட்கார்ந்து கயிற்றை இடுப்பில் சுற்றிப் பிடித்திருப்பார். கீழேயிருந்து ஏறுகிறவர் கை நழுவினால் ஒரு முழம் இறங்கித் தொங்குவார், சிரிப்பார், மறுபடி ஏறுவார். மற்றது, கயிறு கீழிருந்து போவது. உச்சியில் யாரும் இல்லை. முதல் ஆள் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார். போகப்போகப் பாறை வெடிப்புகளில் எதையாவது செருகி, அதில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டி, அந்த வளையத்துக்குள் கயிற்றை விட்டுக்கொண்டே போவார். கடைசியாகச் செருகியதற்கு மேலே ஆறடி போய் நழுவினால், அதற்குக் கீழே ஆறடி விழுந்துதான் நிற்பார். மொத்தம் பன்னிரண்டடி. செருகியது பிடுங்கிக்கொண்டால் அதற்கு முந்தியது தாங்க வேண்டும். அதுவும் பிடுங்கிக்கொண்டால் தரை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அணைக்கட்டு வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார சர்வேயர். இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அவருடைய கருவிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடம் திரிந்தேன். ஊருக்குப் போகும்போது நூற்றிருபது அடி நைலோன் கயிறும் எட்டு வளையங்களும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு நான் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், இயந்திரங்களைப் பழுது பார்க்கிற பிட்டராகச் சேர்ந்தேன். தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து அரைக்கிற ரோலர்களும், அவற்றைச் சுழற்றுகிற தோல் வார்களும், இரவும் பகலும் என் பொறுப்பு.

வெடிப்பில் செருகுவதற்கு நாங்கள் வைத்திருந்தது சாதாரண இரும்பு நட்டு. அரை இஞ்சி, முக்கால் இஞ்சி, ஒரு இஞ்சி. நட்டுக்குள்ளே இருக்கும் மரையை லேத்தில் கடைந்து வழவழப்பாக்கிவிடுவேன், கயிற்றை அறுக்காமல் இருப்பதற்கு. பிறகு ஒரு சின்னக் கயிற்றைக் கோர்த்து முடிச்சுப் போட்டால் சரி. வெடிப்பு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்க வேண்டும். அகன்ற இடத்தில் நட்டை விட்டுக் கீழே இழுத்தால் ஒடுக்கத்தில் போய் இறுகிக்கொள்ளும். எவ்வளவு பாரமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். இந்த விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். விழுகிற பாரமே விழாமல் பிடிக்கிறது.

நட்டு வாங்கப் போன இடத்தில் கிடைத்தவன்தான் ஹமீத். நோர்வூட் கடைவீதியில் நூர்தீன் பாயின் இரும்புக்கடை. மகன் தகர டப்பாவைக் கவிழ்த்து, "எந்த மெசினுக்கு?" என்று கேட்டான். "மெசினுக்கு இல்ல, கல்லுக்கு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கன்வஸ் சப்பாத்தோடு வந்து நின்றான். அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. எனக்கு முப்பத்துமூன்று.

எங்களுக்கு ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் நேரம். எனக்கு அன்றைக்கு மட்டுமே லீவு. அவனுக்கோ அன்றைக்குத்தான் கடையில் கூட்டம். தோட்டத்துச் சனங்கள் ஒன்பது மணிக்கெல்லாம் சாமான் வாங்க இறங்கிவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நடந்து போய், ஏறி, நடந்து வர வேண்டும். இரண்டு வருடம் அப்படி ஏறினோம். ஒவ்வொரு முறையும் நான் சுற்றுவழியாக உச்சிக்குப் போய்க் கயிற்றை விடுவேன், அவன் ஏறுவான். என்னைவிட நன்றாக ஏறுவான். ஏறும்போது பேசிக்கொண்டே வருவான், கடைக்கு வந்த ஆட்களைப்போல் குரல் மாற்றிப் பேசிக் காட்டுவான். பாறையில் சிரிக்கிற ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று நவம்பரில் ஒருநாள் உச்சியில் வந்து உட்கார்ந்ததும் சொன்னான்.

"அண்ணே, இனி நான் முதல்ல போறேன். நீங்க கீழ நின்னு புடிங்க."

"எந்தப் பாறையில?"

"இதுல என்ன? இப்பவே."

"இப்பவேயா? தம்பி, ரோலர்ல புது வாரு மாட்டுனா ஒடனே கொழுந்த கொட்டுவியா? வெறுஞ்சுத்து சுத்திப் பாக்க மாட்ட?"

"நான் என்ன வாரா?"

"ஒனக்கு ஏத்த பாறையா நான் ஒன்னு பாக்குறேன்."

அவன் தலையாட்டினான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நல்ல வேலை ஒன்று கிடைத்த சந்தோஷம்.

முதல் தடவை போகிறவனுக்குப் பாறை எப்படி இருக்க வேண்டும்? அவனால் ஏற முடிந்ததைவிட நிறையவே சுலபமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவன் ஏற மட்டும் போகவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்யப் போகிறான். ஐந்தடிக்கு ஓர் இடத்திலாவது நட்டு இறுகி உட்காருகிற வெடிப்பு வேண்டும். முதல் நட்டு போடும்வரை கயிறு இருந்தும் இல்லாத மாதிரிதான், அதனால் முதல் பத்தடி படிக்கட்டு மாதிரி இருக்க வேண்டும், அடியில் கூரான கல் கிடக்கக் கூடாது. பாதை நேராகப் போக வேண்டும். வளைந்து போனால் கயிறு ஒவ்வொரு வளையத்திலும் உராய்ந்து, மேலே போகப்போக யாரோ பின்னால் இழுப்பதுபோல் கனக்கும். இரண்டு காலும் ஊன்றி மூச்சு வாங்க நடுவில் ஒரு திட்டு. உச்சியில் கட்டுவதற்கு ஒரு மரம். இதையெல்லாம் ஸ்டோரில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நம்பர் மலைக்குப் பின்னால் இருந்த சரிவுப் பாறையைத்தான் முதலில் பார்த்தோம். ஐம்பதடி. அவ்வளவு செங்குத்தில்லை. வெடிப்பு அடியிலிருந்து உச்சிவரை கோடு கிழித்ததுபோல் ஓடியது. ஆனால் கடைசி எட்டடியில் அது மூடிக்கொண்டது. அங்கே நட்டுப் போட இடமில்லை.

"எட்டடிதானேண்ணே. அந்த எட்டடி என் பாட்டி கூட நடந்து போவா."

"நடக்கலாம். கால் வழுக்குனா கடைசி நட்டு எங்க இருக்குது? எட்டடி கீழ. அப்ப எத்தன அடி விழுவ?"

"பதினாறு," என்றான் பெருமூச்சோடு.

"பாத்தியா."

இரண்டாவது பாறை ரோட்டோரம். உச்சியில் மண் பொலபொலத்துப்போய் இருந்தது, கால் வைத்தால் உதிரும். மூன்றாவதில் வெடிப்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தது. அப்படிப்பட்ட வெடிப்பில் நட்டு உட்கார்ந்ததுபோல் தெரியும், ஆனால் கயிறு அசைந்து வெளிப்பக்கம் இழுத்தால் பல் விழுந்ததுபோல் விழுந்துவிடும். அதை அவன் கையாலேயே இழுக்கவைத்துக் காட்டினேன். நட்டு தெறித்துத் தரையில் விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் போயிற்று. நான் காட்டுவேன், அவன் தெரிந்துகொள்வான். சனவரி கடைசியில் மறுபடி கேட்டான்.

"அண்ணே, அந்த ஏழாம் நம்பர் பரவால்லண்ணே. அதுலயே போயிருவோமா?"

"அவசரத்துல எடுத்த பாறை நமக்கு வேணாம் தம்பி. பாறை எங்க ஓடப்போவுது?"

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. பயம் என்று நினைத்தேன். பயம் நல்லது என்றும் நினைத்தேன்.

பிப்ரவரியில் அவர்களுக்கு நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காத ஆளைப் பாறையில் விடமாட்டேன் என்றேன். விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு வந்தால் வயிறு நிறைந்துதானே இருக்கும் என்று அவன் வாதாடினான். அது சரிதான். ஆனாலும் மறுத்தேன். பெருநாள் முடிந்த அதே வாரத்தில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், வேதக்காரர்களான எங்கள் தபசு காலம் தொடங்கியது. ஆனாலும் ஞாயிறுகளில் தேடுவதை நான் விடவில்லை. மார்ச் நடுவில் கடைசியாக அந்தப் பாறையைக் கண்டுபிடித்தேன்.

அதைப்போல் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அறுபதடி. அட்டையில் எழுதியது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. புல் முளைத்த சமதரை, முதல் பத்தடி படிகள், நட்டுக்கென்றே வெட்டியதுபோல் ஒடுங்கி ஒடுங்கிப் போகிற வெடிப்பு, முப்பதாவது அடியில் இருவர் உட்காரக்கூடிய திட்டு, உச்சியில் தொடை பருமனில் ஒரு சவுக்கு மரம். மேலிருந்து கயிற்றில் இறங்கி, ஒவ்வோர் இடத்திலும் நட்டுப் போட்டு, அதில் என் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு இடம். பன்னிரண்டும் தாங்கின.

"ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயிறு," என்று ஹமீதிடம் சொன்னேன். "அதுக்குள்ள நான் புதுசா நாலு நட்டு கடைஞ்சிருவேன்."

"ஈஸ்டர் எப்ப?"

"ஏப்ரல் இருவத்திரெண்டு."

அவன் விரலில் எதையோ எண்ணிப் பார்த்தான். "சரிண்ணே," என்றான்.

ஏப்ரல் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் அவன் ஸ்டோர் வாசலுக்கு வந்தான். அவன் அங்கே வந்ததே இல்லை. ரோலர் சத்தத்தில் பேச முடியாமல் விறகு அடுக்குகிற காம்பராவுக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"புதன்கிழம போறோம்ணே."

"எங்க?"

"இந்தியாவுக்கு. வாப்பாவோட விசாவ நீடிக்க மாட்டேனுட்டாங்க. எனக்கும் சேத்துத்தான். சனவரியிலயே கடிதாசி வந்துருச்சு."

நூர்தீன் பாய் சின்ன வயதில் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவர். ஹமீத் பிறந்தது நோர்வூட்டில், கடைக்கு மேல் மாடியில். குடியுரிமைப் பதிவுக்கு எழுதிப் போட்டார்கள் என்றும் அது தள்ளுபடியாயிற்று என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்திலும் பாதிப் பேருக்கு அதே கதைதான், அதனால் அது மழை வெயிலைப்போல் பழகிப்போயிருந்தது.

"சனவரியில வந்துச்சா? அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவசரப்படுவீங்க. அவசரத்துல எடுத்த பாறை வேணாம்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க." சிரித்தான். "நீங்க தேடிக்கிட்டே இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்காக யாரும் இப்படி எதையும் தேடுனதில்ல."

நான் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் ஒரு ஞாயிறு இருக்குண்ணே," என்றான்.

சனி இரவு மழை பெய்தது. சித்திரை நெருங்கும்போது இப்படி ஓர் இடிமழை வந்துவிட்டுப் போவது வழக்கம். விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. பாறை கொஞ்சம் ஈரமாக இருக்கும், காற்றில் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கே கிளம்பினோம். பாறைக்கு நூறு கெஜம் முன்பே சத்தம் கேட்டது.

அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரமல்ல. ஓடை. பன்னிரண்டு இடத்திலும் செம்மண் கலந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது.

மழை நின்று ஐந்து மணி நேரமாகியும் எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் என்று நான் விளங்காமல் நின்றேன். மேலே தேயிலைக்குள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த காளியாயி எட்டிப் பார்த்தாள். எங்கள் லயத்துக்காரி, கொழுந்தெடுக்கிறவள்.

"என்னா பிட்டரய்யா, தலைக்கு தண்ணி வாக்க வந்தீங்களா?"

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது காளியாயி?"

"எங்கேருந்தா? கானுலருந்து. இந்த மலைய கவ்வாத்து வெட்டி, புதுக்கானு போட்டு ஒரு மாசத்துக்கு மேலாச்சே."

"கானைக் கொண்டாந்து பாறையிலயா விடுவாங்க?"

அவள் விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "பின்ன மண்ணுலயா விடுவாங்க? மண்ணு கரைஞ்சு போவாதா? எந்தத் தோட்டத்துலயும் கானு பாறையிலதான் வந்து விழும். சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஸ்டோர் ஆளுக்கு தெரியாது. நெழல்லயே இருக்கீங்கல்ல!"

மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க மலைக்குக் குறுக்கே வெட்டுகிற கால்வாய்தான் கான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எவனும் அதைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறான். அந்தப் பாறையின் ஒவ்வோர் அங்குலத்தையும் தடவிப் பார்த்த நான், உச்சியில் சவுக்கு மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாறையை மட்டும் பார்த்தேன்.

"இப்ப மணி என்னண்ணே?" என்றான் ஹமீத்.

"ஆறே முக்கால்."

"ஏழாம் நம்பர்ல கானு இருக்கா?"

காளியாயிதான் பதில் சொன்னாள். "அங்க மேல மானாப்புல்லு. கானும் இல்ல, ஒன்னுமில்ல."

ஓடினோம். குறுக்குப் பாதையில், தேயிலை வாதுகள் காலைக் கிழிக்க, கயிறு என் தோளில் குதிக்க ஓடினோம். ஏழரைக்கு அந்தச் சரிவுப் பாறைக்கு முன்னால் நின்றோம். வெயில் விழுந்து பாறை காய்ந்திருந்தது. நவம்பரில் பார்த்தபடியே இருந்தது. நேரான வெடிப்பு, ஐம்பதடி. கடைசி எட்டடி நடந்து போகலாம்.

அவன் கயிற்றைக் கட்டினான். முடிச்சைச் சரிபார்த்தேன். நட்டுகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான். "மாப்பிள மாதிரி இருக்கேனா?" என்றான். கயிற்றை என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டடியில் முதல் நட்டுப் போட்டான். நல்ல இடம். வளையம் மாட்டிக் கயிற்றை விட்டான். இருபதில் இரண்டாவது. இருபத்தைந்தில் நின்றான். அங்கே நிற்க வசதியான இடம். நான் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவன் நகரவில்லை.

"என்ன தம்பி?"

"இந்த வெடிப்பு வெளிப்பக்கம் விரியுதுண்ணே."

"இல்ல. மேலுக்குத்தான் அப்படித் தெரியும். உள்ளுக்குள்ள ஒடுங்குது. நான் பாத்தேன்."

ஒரு நட்டை விட்டுப் பார்த்தான். எடுத்தான். வேறொன்றை விட்டான். அதையும் எடுத்தான். அது அங்கே நன்றாகவே உட்கார்ந்ததைக் கீழேயிருந்தே என்னால் பார்க்க முடிந்தது.

"அசைஞ்சா தெறிச்சிரும்ணே."

"தெறிக்காது."

"அப்ப இருவதுல இருக்குறதுதான் கடைசி. நான் இப்ப இருவத்தஞ்சு. இங்கருந்து இன்னும் அஞ்சடி போனா…" அவன் கூட்டிப் பார்ப்பது கேட்டது. "இருவதடிண்ணே. அதுவும் புடுங்குனா பன்னெண்டுல இருக்குறது. அது தாங்காட்டி?"

ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது. நான் சொன்ன வரிசையிலேயே சொன்னான்.

"தம்பி, அதெல்லாம் மறந்துரு. இது லேசான பாறை. நவம்பர்ல நீ என்ன சொன்ன? பாட்டி கூட நடப்பான்னு சொன்னியே!"

"அப்ப எனக்கு ஒன்னும் தெரியாதுல்லண்ணே."

தையல் மெசின் ஊசியைப்போல் அவன் குதிகால் துள்ளியது. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படித் துள்ளியதில்லை. அவன் பேச்சையும் நிறுத்திவிட்டான். நான் கீழே நின்று என்னென்னவோ சொன்னேன். மூச்சை இழுத்து விடு என்றேன், குதிகாலை இறக்கு என்றேன், இடது கைக்குப் பக்கத்தில் பிடி இருக்கிறது என்றேன். பிறகுதான் உறைத்தது, என் குரல்தான் அவனை அங்கே ஆணியடித்து வைத்திருக்கிறது என்று. வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"எறங்குறேண்ணே," என்றான்.

அழகாக இறங்கினான். ஒரு தப்பும் இல்லை. இருபதடியில் போட்ட நட்டை எடுத்தான். பன்னிரண்டில் போட்டதை இழுத்தான், வரவில்லை. இன்னொரு முறை இழுத்துவிட்டு அதை அப்படியே விட்டு வந்தான். தரையில் கால் வைத்ததும் என் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

"இன்னொரு தடவ பாப்போமா? எட்டேகால்தான் ஆவுது."

"கடைக்கு போவணும்ணே. இன்னைக்கு எல்லாம் வித்துத் தீக்குறோம். வாப்பா தனியா நிப்பாரு."

நான் கயிறு இல்லாமலே பன்னிரண்டடி ஏறினேன், அந்த நட்டை எடுக்க. அது அசையவில்லை. ஒரு கல்லை எடுத்துக் கீழிருந்து மேலாகத் தட்டினேன். ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகுதான் கிளம்பியது. அவ்வளவு சரியான இடத்தில், அவ்வளவு சரியான அளவில் போட்டிருந்தான். நான் போட்டிருந்தால்கூட அப்படி உட்கார்ந்திருக்காது.

"தம்பி! இது லொறியவே தாங்கும்! கேக்குதா? நீ போட்டது லொறியவே தாங்கும்!"

அவன் சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

புதன்கிழமை காலையில் ஸ்டோர் அதிகாரி டீமேக்கரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு இறங்கினேன். ஹட்டன் ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. மேலே பெட்டிகளும் பாய்களும் கட்டியிருந்தார்கள். ஹமீதின் உம்மா உம்மு குல்சும் உள்ளே முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார். நூர்தீன் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியாஸு, ஞாயித்துக்கெழம ஆனா இவன எங்கயோ கூட்டிக்கிட்டு போவியே. அங்க அதெல்லாம் கெடையாதுப்பா. மணலுதான். ஒரு மேடு பாக்கணும்னா ரெண்டு நாள் போவணும்."

ஹமீத் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளாக எனக்குள் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம் இருந்தது. தப்பு உன் மேல் இல்லை, நான் உனக்குப் பாறை தேடவில்லை, பயம்தான் தேடிக் கொடுத்தேன் என்று. பஸ் என்ஜின் உறுமியதும் வாயில் வந்தது வேறு.

"ரயில்ல எடது பக்கம் உக்காரு தம்பி. கடுகண்ணாவ தாண்டுனதும் பெரிய பாறை ஒன்னு தெரியும். மேல தட்டையா, மேச மாதிரி."

அவன் சிரித்தான். பழைய சிரிப்புத்தான், அதனால் இன்னும் வலித்தது.

"முதல் ஆளுக்கு ஏத்ததாண்ணே?"

"அதுவா," என்றேன். "அது சரிப்படாது. அடியிலருந்தே செங்குத்து, அதோட பாதி ஒசரம் வரைக்கும் வெடிப்பே கெடையாது, அப்புறம்…"

கண்டக்டர் மணியடித்தார். பஸ் நகர்ந்தது. ஹமீத் கவனமாகக் கேட்கிறவனைப்போல் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தலையாட்டிக்கொண்டே போனான். நான் கூடவே நடந்துகொண்டு, மழைநாளில் அந்தப் பாறையில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.